போர்டுக்குப் போக ஆசைப்படுவது தப்பா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கம்பெனி டைரக்டர் பதவி பற்றி, அதாவது கம்பெனியின் பெரிய முடிவுகளை எடுக்கும் டைரக்டர்கள் குழுவான போர்டில் இடம் பெறுவது பற்றி, ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி, கம்பெனிகளில் மேல்மட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களிடமிருந்து வந்தவை. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். "எனக்கு ஏன் இந்த ஆசை, இது சரியா" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த மாதப் பகுதி முழுக்க அதற்கே. எழுதியவர்களின் பெயரையும் கம்பெனி அடையாளங்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் நிதிப் பிரிவுத் தலைவராக இருக்கிறேன். வயது 53. பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். வேறு ஏதாவது ஒரு நல்ல கம்பெனியின் போர்டில் இண்டிபெண்டன்ட் டைரக்டராக, அதாவது அந்தக் கம்பெனியோடு சொந்தத் தொடர்பு இல்லாத வெளி டைரக்டராக, சேர வேண்டும் என்று ஆசை. கணவரும் தோழிகளும் "இத்தனை வருஷம் உழைச்சது போதாதா, பேருக்காகவா இந்தத் தலைவலி?" என்கிறார்கள். எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் எதற்காகத்தான் போர்டுக்குப் போகிறார்கள் மேடம்? – வாசகி, கோவை

பதில்: பேருக்காக என்றே இருந்தாலும் தப்பில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிட்டையராகப் போகும் ஆண் நாலு கம்பெனி போர்டில் உட்கார்ந்தால் அவர் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று பேசுகிற அதே ஆட்கள், ஒரு பெண் ஆசைப்பட்டால் மட்டும் காரணம் கேட்கிறார்கள். உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, ஏனென்றால் இதுவரை யாரும் உங்களிடம் இதை அக்கறையோடு கேட்டிருக்க மாட்டார்கள்.

கம்பெனி செக்ரட்டரி என்ற முறையில் போர்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எழுதுவதுதான் என் பிழைப்பு. அங்கே நான் பழகிய பெண்கள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நடுத்தரக் கம்பெனி, பெயர் வேண்டாம். விற்பனைப் பிரிவின் தலைவி, புது யூனிட் போடும் திட்டத்தைப் பல மாதம் உழைத்துத் தயாரித்தவர், போர்டு ரூமுக்கு வெளியே சோபாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். கடைசி ஸ்லைடு முடிந்ததும் "தேங்க்யூ மேடம், உங்க ஐட்டம் முடிஞ்சுது, நீங்க கிளம்பலாம்." அவர் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பித்தது. டைரக்டர்கள் எழுப்பிய சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் பதில், எல்லார் முன்னாலும் இருந்த ஃபைலிலேயே, அந்த அம்மா இணைத்திருந்த பின்னிணைப்பில் இருந்தது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. திட்டம் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனது. இன்று அவர் வேறு இரண்டு கம்பெனிகளின் போர்டில் இருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது, "கதவு சாத்தின பிறகு பேசுறப்போ நானும் உள்ள இருக்கணும்னு தோணிச்சு" என்றார்.

நான் கேட்ட காரணங்களிலேயே வலுவானது இதுதான். வருஷக்கணக்காக மற்றவர்கள் முடிவெடுப்பதற்காகப் பேப்பர் தயாரித்துக் கொடுத்தவர்கள், எந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே போகிறது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்கள், அதைக் கேட்கும் அதிகாரத்தோடு உட்கார நினைக்கிறார்கள். நிதித் துறையில் இருக்கும் உங்களுக்கு இது இன்னும் நன்றாகவே தெரியும். வராக்கடன் எவ்வளவு நாளாக நிற்கிறது, புரமோட்டரின் (கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளியின்) சொந்தக் கம்பெனிக்குப் போன முன்பணம் ஏன் திரும்பவில்லை, இதெல்லாம் முதலில் கண்ணில் படுவது உங்கள் நாற்காலிக்குத்தான்.

அப்புறம், பதவியை விட்ட பிறகும் மூளை ரிட்டையராவதில்லை என்ற காரணம். ஸ்டேட் பாங்கின் முதல் பெண் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா 2017ல் ஓய்வு பெற்று, அடுத்த வருடமே ரிலையன்ஸ் போர்டில் இண்டிபெண்டன்ட் டைரக்டராகச் சேர்ந்தார். சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2018ல் பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பை விட்டார், 2019 பிப்ரவரியில் அமேசான் போர்டுக்குப் போனார். அவரவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது, ஆனால் அந்த அளவு அனுபவத்தை வீட்டு வரவேற்பறையில் உட்கார வைத்திருந்தால் நஷ்டம் யாருக்கு என்று யோசியுங்கள். வேலையில் இருக்கும்போதே போகிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. சென்னையில் டிராக்டர் கம்பெனியான டாஃபேயை நடத்தும் மல்லிகா சீனிவாசன் பல வருடம் டாடா ஸ்டீல் போர்டிலும் இருந்தார். தன் தொழிலுக்கு வெளியே வேறொரு பெரிய தொழில் எப்படி முடிவெடுக்கிறது என்பதை உள்ளே உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கடைசியாக, கீழே இருக்கும் பெண்களுக்காகப் போகிறேன் என்று சொல்கிறவர்கள். சிலர் இதைச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள், சிலர் விடாப்பிடியாக நிற்கிறார்கள். அதைப் பற்றித் திருப்பூர் வாசகியின் கேள்வியில் எழுதுகிறேன்.

உங்கள் காரணம் எது என்று முடிவு செய்ய வேண்டியது மற்றவர்களுக்குப் பதில் சொல்வதற்காக இல்லை. எந்தக் கம்பெனிக்குச் சம்மதம் சொல்லலாம் என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும். கேள்வி கேட்க வேண்டும் என்று போகிற பெண், புரமோட்டர் சொல்வதற்கு எல்லாரும் தலையாட்டுகிற போர்டில் ஒரு வருடத்தில் நொந்துபோவார். கற்றுக்கொள்ளப் போகிறவர், தான் ஏற்கெனவே கரைத்துக் குடித்த தொழிலுக்கே போனால் சலித்துப்போகும். பெயருக்காகப் போகிறவர், கணக்குச் சுத்தமில்லாத கம்பெனிக்குப் போனால் இருக்கிற பெயரும் போகும்.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இதில் எவ்வளவு பணம் வரும்? – வாசகி, பெங்களூரு

பதில்: தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, இதைக் கேட்காமல் சம்மதிக்கிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. கம்பெனி சட்ட விதிப்படி ஒரு போர்டு மீட்டிங்குக்கோ கமிட்டி மீட்டிங்குக்கோ சிட்டிங் ஃபீஸ் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். இது உச்சவரம்புதான், சிறிய லிஸ்டட் கம்பெனிகள் (பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை) இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கொடுப்பதும் உண்டு. போர்டு வருடத்துக்குக் குறைந்தது நாலு முறை கூட வேண்டும், ஆடிட் கமிட்டி மாதிரி கமிட்டிகளில் இருந்தால் அதற்குத் தனி. லாபத்தில் கமிஷன் கொடுக்கலாம், ஆனால் மேனேஜிங் டைரக்டர் அல்லது முழுநேர டைரக்டர் இருக்கும் கம்பெனியில் மற்ற டைரக்டர்கள் எல்லாருக்கும் சேர்த்து நிகர லாபத்தில் பொதுவாக 1 சதவீதம்தான் வரம்பு. இண்டிபெண்டன்ட் டைரக்டருக்கு ஸ்டாக் ஆப்ஷன் (முன்பே குறித்த விலையில் கம்பெனிப் பங்கு வாங்கும் உரிமை) கிடையாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பெண் டைரக்டருக்கும் இண்டிபெண்டன்ட் டைரக்டருக்கும் கொடுக்கும் சிட்டிங் ஃபீஸ் மற்ற டைரக்டர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறையக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. "முதல்ல கம்மியாத்தான் ஆரம்பிப்போம் மேடம்" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

பெரிய கம்பெனிகளில் கமிஷனும் சேர்ந்தால் கணிசமான தொகை வரும். ஆனால் அந்த இடம் முதல் முறையே கிடைப்பது அபூர்வம். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கேள்வி: ஒரு லிஸ்டட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இருந்த பெண் டைரக்டர் விலகிவிட்டாராம், மூன்று மாதத்துக்குள் ஆள் போட வேண்டுமாம், "ஒரு லேடி வேணும்" என்று அப்படியே சொன்னார்கள். 25 வருடம் உழைத்த என்னை இந்த ஒரு காரணத்துக்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது அவமானமாக இருக்கிறது. மறுத்துவிடலாமா? – வாசகி, சென்னை

பதில்: "ஒரு லேடி வேணும்" என்று சொன்னவரின் மரியாதைக் குறைவு அவருடையது. அதற்காக நீங்கள் ஏன் ஒரு இடத்தை விட வேண்டும்?

அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2013 கம்பெனி சட்டத்தில்தான், எல்லா லிஸ்டட் கம்பெனிகளும், லிஸ்ட் ஆகாத பெரிய பப்ளிக் கம்பெனிகளும் (செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடி அல்லது விற்றுமுதல் 300 கோடி ரூபாய்க்கு மேல்) போர்டில் ஒரு பெண்ணையாவது வைக்க வேண்டும் என்று முதல் முறையாக எழுதினார்கள். லிஸ்டட் கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி முதலில் 2014 அக்டோபர் என்று தேதி குறித்து, பிறகு 2015 ஏப்ரல் 1 வரை நீட்டித்தது. அப்படியும் கடைசி வாரம் வரை ஆள் போடாத கம்பெனிகள் ஏராளம். கெடு முடிகிற நேரத்தில் பல கம்பெனிகள் புரமோட்டரின் மனைவியையோ மகளையோ மருமகளையோ போர்டில் போட்டுக் கணக்கை நேர் செய்தன. அவர்களில் திறமைசாலிகள் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், தொழிலை நிஜமாகவே நடத்துகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்கும் பெண் வேண்டும் என்ற நோக்கம் அங்கே அடிபட்டுப் போனது. அதைப் பார்த்துத்தான் உதய் கோடக் தலைமையிலான கமிட்டி 2017ல், அந்தப் பெண் இண்டிபெண்டன்ட் டைரக்டராகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் அது கட்டாயமானது.

அதாவது, உங்களைப் போன்ற ஒருவர் 25 வருடம் உழைத்தும் யார் கண்ணிலும் படாமல் இருந்தது இந்தச் சட்டத்துக்கு முன்னால். நண்பர், உடன் படித்தவர், கிளப்பில் பழக்கமானவர் என்று ஆண்களைக் கூப்பிட்டபோது அவர்களில் ஒருவரும் அவமானமாக உணர்ந்து மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சட்டம் போன் அடிக்க வைத்தது, அவ்வளவுதான். உள்ளே போன பிறகு உங்கள் ஓட்டுக்கும் அங்கே இருக்கிற மற்றவர்களின் ஓட்டுக்கும் ஒரே எடை.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்னால் இருந்தவர் ஏன் விலகினார்? லிஸ்டட் கம்பெனியிலிருந்து விலகும் இண்டிபெண்டன்ட் டைரக்டர் விரிவான காரணம் கொடுக்க வேண்டும், சொன்னதைத் தவிர வேறு முக்கியமான காரணம் இல்லை என்று உறுதியும் தர வேண்டும், அந்தக் கடிதத்தைக் கம்பெனி பங்குச் சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும். பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்தக் கம்பெனி பெயரைப் போட்டால் கடிதம் கிடைக்கும், போய்ப் படியுங்கள். அதோடு, முடிந்தால் அவரிடமே போனில் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள். "சொந்தக் காரணம்" என்று கடிதத்தில் எழுதியவர்கள் போனில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். கடைசி மூன்று வருட ஆண்டறிக்கையை எடுத்து ஆடிட்டர் மாறியிருக்கிறாரா, சி.எஃப்.ஓ. (நிதிப் பிரிவுத் தலைவர்) அடிக்கடி மாறுகிறாரா, புரமோட்டரின் மற்ற கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல் எவ்வளவு என்று பாருங்கள். இதில் ஏதாவது உறுத்தினால் மறுத்துவிடுங்கள், அந்த மறுப்புக்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: என் மனைவிக்கு ஒரு கம்பெனியில் டைரக்டர் பதவி வந்திருக்கிறது. அவளுக்குப் போக ஆசை. கம்பெனியில் ஏதாவது தில்லுமுல்லு நடந்தால் அவள் ஜெயிலுக்குப் போக வேண்டி வருமோ என்று எனக்குப் பயம். நான் வேண்டாம் என்று சொல்லலாமா? – வாசகர், மதுரை

பதில்: போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஆனால் உங்கள் பயம் நியாயமானது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

கம்பெனி சட்டத்தின் 149(12) பிரிவு இண்டிபெண்டன்ட் டைரக்டருக்கு ஒரு பாதுகாப்பு கொடுக்கிறது. போர்டு நடவடிக்கைகள் வழியாக அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்தால், அல்லது அவர் செலுத்த வேண்டிய கவனத்தைச் செலுத்தாமல் இருந்தால்தான் பொறுப்பு. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். "எனக்கு ஒண்ணும் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்பது அவரைக் காப்பாற்றாது. நடைமுறையில், கம்பெனி கொடுத்த செக் திரும்பிய வழக்குகளில் எல்லா டைரக்டர்களுக்கும் சேர்த்துச் சம்மன் அனுப்பிவிடுகிறார்கள். அதிலிருந்து பெயரை நீக்க ஹைகோர்ட் வரை அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பு இல்லை என்று தீர்ப்பு வரும், வரும்வரை தூக்கம் போகும். அதனால் டைரக்டர்களுக்கான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு இருக்கிறது என்று பாலிசியையே வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகள் இண்டிபெண்டன்ட் டைரக்டர்களுக்கு அதை எடுத்தே ஆக வேண்டும்.

கணக்கு மோசடியில் சிக்கிய ஐ.டி. கம்பெனியான சத்யத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2008 டிசம்பர் 16 அன்று நடந்த போர்டு மீட்டிங்கில், சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் கம்பெனிகளை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க முடிவெடுத்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் முடிவு ரத்தானது. அந்த போர்டில் இண்டிபெண்டன்ட் டைரக்டராக இருந்தவர் மங்களம் ஸ்ரீனிவாசன் என்ற பெண்மணி. அடுத்த சில நாட்களில் அவர்தான் முதலில் ராஜினாமா செய்தார். அந்த விஷயத்தில் பல கேள்விகளை எழுப்பியிருந்தாலும், எதிர்த்து ஓட்டுப் போடாமல் இருந்ததற்குத் தார்மீகப் பொறுப்பு ஏற்பதாகச் சொன்னார். 2009 ஜனவரி 7ல் ராஜுவின் ஒப்புதல் கடிதம் வெளியானபோது மொத்தக் கணக்குமே பொய் என்று தெரிந்தது. போர்டில் உட்காரப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் இதைச் சொல்வேன். கேள்வி கேட்பது மட்டும் போதாது, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் "நான் எதிர்க்கிறேன், மினிட்ஸில் எழுதுங்கள்" என்ற வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

மினிட்ஸ் விஷயத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மீட்டிங்கில் புதிதாக வந்த ஒரு பெண் டைரக்டர், புரமோட்டரின் தம்பி கட்டடத்துக்கு ஏன் சந்தை விலையைவிட அதிக வாடகை என்று கேட்டார், மறுபடி மறுபடி கேட்டார். டிராஃப்ட் மினிட்ஸை "விவாதத்துக்குப் பின் போர்டு ஒப்புதல் அளித்தது" என்று ஒரே வரியில் முடிக்கச் சொல்லி கம்பெனித் தரப்பில் அழுத்தம். மீட்டிங் முடிந்து 15 நாளுக்குள் டிராஃப்ட் எல்லா டைரக்டர்களுக்கும் போக வேண்டும், அவர்கள் 7 நாளுக்குள் திருத்தம் சொல்லலாம். அந்த அம்மா அந்த ஏழு நாளை விடவில்லை. தன் கேள்வியையும் தனக்குக் கிடைத்த பதிலையும் அப்படியே நாலு வரியில் எழுதி அனுப்பினார், அது மினிட்ஸில் ஏறியது. அடுத்த புதுப்பித்தலில் வாடகை குறைந்தது. உங்கள் மனைவி இதைச் செய்யக்கூடியவர் என்றால் தைரியமாகப் போகச் சொல்லுங்கள். விலகினாலும், இருந்த காலத்தில் நடந்தவற்றுக்குப் பொறுப்பு தொடரும் என்பதையும் அவர் தெரிந்துகொண்டு போகட்டும்.

கேள்வி: எங்களுடையது குடும்பக் கம்பெனி. அப்பா காலமான பிறகு அவர் பங்குகள் அம்மாவுக்கும் எனக்கும் வந்தன. நான் வெளியே ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். போர்டில் இடம் கேட்டால் சித்தப்பாக்கள் "டிவிடெண்ட் சரியா வருதுல்ல, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்கிறார்கள். நான் பேராசைப்படுகிறேனா? – வாசகி, கரூர்

பதில்: நிச்சயமாக இல்லை. உங்கள் சொத்து எப்படி நடத்தப்படுகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது உங்களை வாயடைக்கத்தான். இதையே உங்களுக்கு ஒரு தம்பி இருந்து அவன் கேட்டிருந்தால் அடுத்த மீட்டிங்கிலேயே நாற்காலி போட்டிருப்பார்கள்.

சென்னையின் முருகப்பா குழுமத்தில் நடந்ததை நீங்கள் படித்திருக்கலாம். குழுமத்தின் முன்னாள் தலைவர் எம்.வி.முருகப்பன் 2017ல் காலமானார். அவருடைய மூத்த மகள் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் இருக்கும் அணுசக்திப் பொறியாளர், குழுமக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் போர்டில் இடம் கேட்டார். அவர், தாய், தங்கை மூவரிடமும் சேர்ந்து சுமார் 8 சதவீதப் பங்கு இருந்தது. 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டதாக அறிவித்தார்கள். அந்தக் குடும்பத்தின் உள் விஷயம் அவர்களுக்கே தெரியும், ஆனால் மகள் போர்டில் இடம் கேட்கலாம் என்ற பேச்சு எத்தனையோ தொழில் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது அவரால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1989லிருந்தே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை, நாடு முழுக்க 2005லிருந்து. ஆனால் பங்கு வாரிசுரிமையில் வரும், டைரக்டர் பதவி அப்படி வராது, அது ஓட்டில் வருவது. அதனால் முதலில் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸை (கம்பெனியின் உள்விதிகளை) வாங்கிப் படியுங்கள், ஒவ்வொரு குடும்பக் கிளைக்கும் ஒரு டைரக்டர் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய கம்பெனிகளில் இருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 160ஆவது பிரிவின்படி நீங்கள் பொதுக்கூட்டத்தில் வேட்பாளராகவே நிற்கலாம். பப்ளிக் கம்பெனி என்றால் 14 நாள் முன்னதாக நோட்டீஸும் 1 லட்சம் ரூபாய் டெபாசிட்டும் கொடுக்க வேண்டும், 25 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினால் தோற்றாலும் டெபாசிட் திரும்பி வரும். சண்டை வேண்டாம் என்றால், போர்டில் இல்லாமலே நாலு மீட்டிங்குக்கு அழைப்பாளராக வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வேலைத் திறமையைப் பார்த்த பிறகு மனம் மாறிய சித்தப்பாக்களும் உண்டு.

ஒன்றை மட்டும் சித்தப்பாக்களிடம் கேட்பதற்கு முன் நீங்களே தெளிவு செய்துகொள்ளுங்கள். கம்பெனியில் வேலை பார்க்க ஆசையா, மேற்பார்வை போதுமா, அல்லது அப்பாவின் இடம் காலியாக இருப்பது பொறுக்கவில்லையா? மூன்றும் நியாயமானவை, ஆனால் மூன்றுக்கும் கேட்க வேண்டிய பதவி ஒன்றே இல்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பார்க்கிறேன். போர்டில் ஒரு பெண் உட்கார்ந்தால் கீழே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன பிரயோஜனம்? – வாசகி, திருப்பூர்

பதில்: தானாக எதுவும் நடக்காது. நார்வே 2003லேயே சட்டம் போட்டு, 2008க்குள் பப்ளிக் கம்பெனி போர்டுகளில் 40 சதவீதம் பெண்கள் என்று கொண்டுவந்தது, இணங்காவிட்டால் கம்பெனியையே கலைக்கலாம் என்ற அளவுக்குக் கறாராக. போர்டு நிறைந்தது, ஆனால் கம்பெனியைத் தினசரி நடத்தும் தலைமைப் பதவிகளில் பெண்கள் அதே வேகத்தில் வரவில்லை. அதேபோல் 2006ல் அமெரிக்காவின் வெல்லஸ்லி பெண்கள் ஆய்வு மையம், 50 பெண் டைரக்டர்களிடம் பேசி ஒரு அறிக்கை வெளியிட்டது. போர்டில் ஒரே பெண் இருந்தால் அவர் பேச்சு எளிதில் ஒதுக்கப்படுகிறது, மூன்று பேர் ஆகும்போதுதான் பெண் என்று பார்ப்பது போய் டைரக்டர் என்று பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். நம் ஊரில் சட்டம் கேட்பது ஒரே ஒருவரை.

ஆனாலும் அந்த ஒருவர் மனது வைத்தால் செய்ய முடியும். முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகள் வருடா வருடம் வெளியிட வேண்டிய பொறுப்பு அறிக்கையில், ஆண் பெண் சம்பள விவரம், பிரசவ விடுப்பு முடிந்து எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை என்பதெல்லாம் வர வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் இந்தப் பக்கங்களைப் படிக்காமலே ஒப்புதல் தருகிறார்கள். அங்கே ஒருவர், "விடுப்பு முடிந்து பாதிப் பேர் ஏன் திரும்பி வரவில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச் எந்த மாடியில் இருக்கிறது, பாலியல் புகார்களை விசாரிக்கும் ஐ.சி. கமிட்டியில் இருக்கும் வெளி உறுப்பினர் யார்" என்று கேட்டால் அடுத்த வாரம் அந்தக் கேள்வி ஹெச்.ஆர். மேஜைக்கு வரும், உங்கள் மேஜைக்கு வரும். பதிலுக்கு உங்களிடம் உண்மையான எண்கள் தயாராக இருக்கட்டும். உங்களைப் போன்றவர்கள் கீழிருந்து விவரம் கொடுக்காவிட்டால் மேலே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை கட்டித்தான் உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: வயது 38, ஐ.டி.யில் சைபர் செக்யூரிட்டி டீமை நடத்துகிறேன். பத்து வருடம் கழித்து போர்டுக்குப் போக வேண்டும் என்றால் இப்போது என்ன செய்யணும்? – வாசகி, சிறுசேரி

பதில்: பத்து வருடம் காத்திருக்க வேண்டாம். முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு ரிஸ்க் மேனேஜ்மெண்ட் கமிட்டி கட்டாயம், சைபர் பாதுகாப்பு அதன் பொறுப்பில் வருகிறது, அதைப் புரிந்துகொள்ளும் டைரக்டர்கள் போர்டுகளில் மிகவும் குறைவு. உங்கள் துறைக்கு நல்ல தேவை இருக்கிறது. இடைவெளி இருப்பது கணக்குப் பக்கம். பேலன்ஸ் ஷீட்டும் கேஷ் ஃப்ளோவும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், தினமும் பார்க்கும் உங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இந்தியக் கார்ப்பரேட் விவகாரங்கள் நிறுவனம் நடத்தும் இண்டிபெண்டன்ட் டைரக்டர் டேட்டாபேங்க்கில் பெயரைப் பதிந்து, இரண்டு வருடத்துக்குள் ஆன்லைன் தேர்வை எழுதி 50 சதவீதம் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் டேட்டாபேங்க்கில் பெயர் இருப்பதாலேயே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு பள்ளி அறக்கட்டளை, ஒரு ஸ்டார்ட்அப்பின் ஆலோசனைக் குழு, இப்படி எங்காவது முதலில் உட்கார்ந்து பழகுங்கள். உங்கள் கம்பெனியிடம் வெளிப் பதவிக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு சிக்கல் வராது.

அதைவிட முக்கியம், உங்களுக்கு இந்த எண்ணம் இருப்பதை வெளியே சொல்வது. ஆண்கள் ஆடிட்டரிடம், பாங்க் மேனேஜரிடம், பழைய பாஸிடம் "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று சாதாரணமாகச் சொல்லி வைக்கிறார்கள். பெண்களோ, யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்கள், அப்புறம் யாரும் கூப்பிடவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். இந்த மாதமே மூன்று பேரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் ஒருவர் ஏற்கெனவே ஏதாவது ஒரு போர்டில் இருக்கும் பெண்ணாக இருக்கட்டும்.